காது மடலுக்குப் பின்னால்

மாமா சூடு என்று சொல்லவில்லை. கொப்புளம் வந்தது அதனால்தான்.

இடது காது மடலுக்குப் பின்னால், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. நல்ல தோல். அங்கே கட்டி எதுவும் கிடையாது. ஹரிஷ்குமார் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியபோது நான் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். மாமா என் மனைவியின் அப்பா என்பதால் முதல் சிகிச்சையின்போது நான் உள்ளே இருக்க வேண்டாம் என்று டாக்டர் நாகரத்னா சொல்லியிருந்தார். சரி என்றேன். ஒரு வருடமாக நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லி வருகிறேன்.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை. இயற்பியல் படித்தேன், பிறகு ஸ்கேன் கருவிகள் பற்றி ஒரு டிப்ளமா. ஹரிஷ்குமாரும் நானும் ஒரே பிரிவு. இப்போது எங்கள் இருவரையும் ஓர் ஆய்வில் போட்டிருக்கிறார்கள். தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக்கி ஊசி வழியாக ரத்தத்தில் விடுவார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஐந்நூறு துகள்களுக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம். புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர் போல, எங்கும் ஓட்டை. துகள்கள் அந்த ஓட்டைகளில் கசிந்து கட்டிக்குள் தங்கிவிடும். மறுநாள் வெளியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. துகள்கள் அதை வாங்கிச் சூடாகும். கட்டி உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும்.

ஸ்கேன் படம் துகள்கள் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று காட்டும். லேசர் ஓடும்போது வெப்பக் கேமரா தோலின் சூட்டை நிறமாகக் காட்டும். நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை. கட்டியின் மேல் ஐம்பது டிகிரி வர வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோல் நாற்பத்தைந்தைத் தொடக் கூடாது. திரையைப் பார்த்து எண்ணைச் சொல்வதுதான் எங்கள் வேலை. டாக்டர் அதைக் கேட்டுக் காலால் பெடலை அழுத்துவார், அல்லது எடுப்பார்.

எலிகளில் இது நன்றாக வேலை செய்தது. மனிதர்களில் இப்போதுதான் பார்க்கிறார்கள். மாமா பதினோராவது ஆள்.

ஆய்வு தொடங்கியபோது என் மனைவி ஷில்பா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மேலும் அது வாய், கழுத்துப் பகுதிக் கட்டிகளுக்கு மட்டும். அவளுக்கு மார்பில். அதனால் யோசிக்க எதுவும் இல்லை.

டாக்டர் நாகரத்னா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் மைசூர்ப் பக்கம். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது.

"உங்க மாமனார் கைய தூக்கவே இல்ல பிரதாப். தாடை ஆடக் கூடாது, பேசக் கூடாது, சுட்டா வலது கைய தூக்குங்கன்னு மூணு தடவ சொன்னேன். ஹரிஷ் நடுவுல நிறுத்தி நிறுத்திக் கேட்டான். ஒண்ணும் இல்லன்னு தலை ஆட்றார்."

"கேமராவுல தெரியலையா மேடம்?"

"காது மடல் மறைக்குது. பழைய ஆபரேஷன் தழும்பு அங்க வரைக்கும் ஓடுது. அதுலயும் கொஞ்சம் துகள் போய் உக்காந்திருக்கு. அந்த எடத்துல பேஷண்ட் கைதான் நமக்கு கேமரா."

"மயக்க மருந்து குடுத்தா?"

"கொடுத்தா சுடுதுன்னு சொல்ல ஆளே இருக்காதே." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கட்டி ரெண்டுல ஒண்ணு பாதியா சுருங்கும்னு தோணுது. இன்னொண்ணுக்கு மூணு வாரம் கழிச்சு செய்யணும். ஆனா நல்ல தோல்ல இன்னொரு தடவ கொப்புளம் வந்தா அவர ஆய்வுலேந்து எடுத்துடணும். அது ரூல். நான் பேசி மாத்த முடியாது."

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. கதிர்வீச்சு கொடுக்கும் அளவெல்லாம் கொடுத்தாகிவிட்டது. கட்டி இருப்பது தாடை முனையில். அது உள்ளே போனால் எங்கே போகும் என்று எனக்குப் படமாகவே தெரியும்.

அன்று மாலை இருவரும் ரயிலில் திரும்பினோம். மாமா ஜன்னலோரம். காதுக்குப் பின்னால் வெள்ளைத் துணி.

"வலிக்குதா மாமா?"

"ஒண்ணுமில்ல."

பங்காரப்பேட்டை வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். செருப்புக்குள் கட்டை விரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஷில்பாவுக்கும் அப்படித்தான். வலித்தால் கட்டை விரல் அடுத்த விரலின் மேல் ஏறும். கடைசி இரண்டு மாதத்தில்தான் அதைக் கண்டுபிடித்தேன். அதற்கு முன் ஏழு மாதம், அவளும் நானும் இதே ரயிலில் காலையில் போய் மாலையில் வந்தோம். அவளுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்பாள். நான் நம்பினேன். நாள் முழுக்க மற்றவர்கள் உடம்பில் கட்டி தேடுகிற வேலை எனக்கு.

மாமாவின் பெயர் மாணிக்கராஜ். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருபது வருடம் நிலத்தடியில் வேலை. முதலில் டிரில் மிஷின். ஒரு நாள் பாறை தெறித்து இடது கையில் இரண்டு விரல் போன பிறகு, லெவல் என்கிற நிலத்தடித் தளத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி கொடுக்கிற வேலை. மைன்ஸ் மூடிய பிறகு பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். ஹான்ஸ் போடும் பழக்கம் நிலத்தடியில் பிடித்தது. கீழே பீடி கூடாது, அதனால் வாயில் புகையிலை. வாயில் புற்று வந்ததும் அதனால்தான்.

ஷில்பா போன பிறகும் நான் மைன்ஸ் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டிலேயே, மாமாவோடும் அத்தையோடும் இருக்கிறேன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. போக எனக்கும் தோன்றவில்லை.

அன்று அத்தை கதவைத் திறந்ததும் துணிக்கட்டைப் பார்த்தார். அவர் பெயர் குணசுந்தரி. பேச்சு குறைவு, பேசினால் நேராக விழும்.

"இன்னா இது, காதாண்ட?"

"கொசு கடிச்சிது," என்றார் மாமா.

"பெங்களூர் கொசு துணி கட்டி அனுப்புதா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அத்தை மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "அப்பனுக்கும் பொண்ணுக்கும் வாயில பூட்டு. சாவி எங்கன்னு நான் தேடினு இருக்கணும்."



அடுத்த நாட்களில் நான் எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். ஒரு தாளில் தலையை வரைந்து, கேமரா எங்கே இருக்கிறது, காது எப்படி மறைக்கிறது என்று காட்டினேன். நாற்பத்தைந்து டிகிரியில் தோலுக்கு என்ன ஆகும் என்று சொன்னேன். மாமா கவனமாகக் கேட்டார். கேள்விகூடக் கேட்டார்.

"அந்த லைட்டு எத்தினி டிகிரி ஏத்தும்?"

"ஐம்பது, ஐம்பத்திரண்டு."

"பாறையே அதுக்கு மேல கீது மாப்ள, சாம்பியன்ல கட்ட கடைசி லெவல்ல. கைய வெச்சா கொப்புளிச்சிரும். அதுல சாஞ்சிகினு சோறு துன்னவன் நான்."

"அது பாறை மாமா. இது உங்க தோல்."

"எல்லாம் ஒண்ணுதான்."

மறுபடி வந்தால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றேன். அப்போது மட்டும் முகம் மாறியது. "எட்த்துருவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, கைய தூக்கறேன் வுடு," என்றார். குரலில் தெரிந்தது, தூக்க மாட்டார். அவருக்கே அது தெரிந்த மாதிரி இருந்தது. அத்தையும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அது பிடிவாதம் இல்லை என்று எனக்குப் புரிய இன்னொரு வாரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை ஏசுபாதம் வந்தார். பக்கத்து லைன். மாமாவும் அவரும் ஒரே மிஷினில் பத்து வருடம் நின்றவர்கள். கோயில் முடிந்து நேராக வருவார், அதே வெள்ளைச் சட்டையில், பேக்கரியிலிருந்து நான்கு பன் வாங்கிக்கொண்டு. மாமாவின் காதை இழுத்துப் பார்த்தார்.

"இன்னாடா மாணிக்கம், தங்கத்த ஒடம்புல ஏத்திக்கினியாமே. ராவுல கழுத்தப் புட்ச்சி அடகு வெச்சிரப் போறானுங்க."

"ஒரு மூக்குத்திக்குக்கூடத் தேறாதாம். மாப்ள சொல்லுது."

"மஞ்சளா இருந்துச்சா?"

"எங்க? கருங்காப்பி கலர்ல பை நெறைய தொங்குது. இதான் தங்கமான்னு கேட்டேன். ஆமான்றாங்க." மாமா சிரித்தார். "நம்ம மட்டும் இன்னாத்த பாத்தோம். இருபது வருஷம் கருங்கல்லுதான பாத்தோம்."

ஏசுபாதம் பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "சரி, சுட்டா சொல்ல வேண்டிதான?"

மாமா ஒரு பன்னை எடுத்துக்கொண்டார். ஏசுபாதம் என் பக்கம் திரும்பினார்.

"இவன் சொல்ல மாட்டான் தம்பி. ஃபேன் பாபு கத தெரியுமா உனுக்கு?"

தெரியாது என்றேன்.

"பாபுன்னு ஒர்த்தன். எங்க கேங்குதான். நல்ல பலசாலி. கீழ கடைசி லெவலுக்குப் போன மொத வாரம், மேஸ்திரியாண்ட போயி, அண்ணா ரொம்ப சூடா கீதுன்னான். அவ்ளோதான் சொன்னான். மேஸ்திரி இன்னா சொன்னாரு தெரியுமா? 'இன்னா மாப்ள, ஃபேன் போடட்டா?' மொத்த லெவலும் சிரிச்சிது. சாயங்காலம் கேஜ்ல ஏறினா, ஃபேன் போடட்டா. காண்டீன்ல, ஃபேன் போடட்டா. அடுத்த வாரம் அவன மேல் லெவலுக்கு மாத்திட்டாங்க. கடைசி லெவல் ஆளுன்னா ஒரு மரியாத இருந்துச்சி அப்போ. பொண்ணு குடுக்கறவன்கூட எந்த லெவல்னு கேப்பான். அந்தப் பேரு போச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, சாகற வரைக்கும் ஃபேன் பாபுதான். போன வருஷம் செத்தான். போஸ்டர் அடிச்சானுங்க பாரு, 'ஃபேன் பாபு அவர்கள்'னு. புள்ளைங்களே அடிச்சிது. அதுங்களுக்கு அது எதுக்கு வந்த பேருன்னே தெரில."

அத்தை உள்ளே சிரித்தது கேட்டது. மாமா சிரிக்கவில்லை.

"நீகூடத்தான் கூவினடா, ஃபேன் போடட்டான்னு," என்றார் ஏசுபாதம் அவரிடம்.

"கூவினேன்," என்றார் மாமா. பன்னைக் கையில் வைத்திருந்தார். தின்னவில்லை. "நான்தான் அதிகமா கூவினேன்."

ஏசுபாதம் சட்டையில் விழுந்த தூளைத் தட்டினார்.

"லூசுப் பையன் அந்த பாபு. வாயத் தொறக்காம மணிய அடிச்சிருந்தா எவனாவது ஒரு வார்த்த கேட்டுருப்பானா? ஒரு தபா அடிச்சா கேஜ் நிக்குது. அடிச்சவன் யாரு, எதுக்கு, எவனும் கேக்க முடியாது. மானேஜரே உள்ள கீறாருன்னாலும் நிக்கணும். அதான சட்டம்?"

"அது சட்டம்," என்றார் மாமா, உடனே. "ஒண்ணு, நிறுத்து. ரெண்டு, எறக்கு. மூணு, ஆளு ஏறுது. லெவலுக்கு லெவல் போர்டு மாட்டி கீது. ஒண்ணு அடிச்சவன அடிச்சது ஏன்னு கேட்டா, கேட்டவனுக்குத்தான் மெமோ."

நான் அவர் கையைப் பார்த்தேன். பேசும்போது இரண்டு விரல் இல்லாத கை காற்றில் ஒரு கயிற்றை இழுத்தது.

"மாமா," என்றேன். "அடுத்த தடவ கைய தூக்க வேணாம். உங்க கையில ஒரு மணி குடுத்தா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க சூடுன்னு சொல்ல வேணாம். எதுவும் சொல்ல வேணாம். ஒண்ணு அடிச்சா டாக்டர் நிறுத்திடணும். ஏன்னு கேக்கக் கூடாது. ரெண்டு அடிச்சாதான் மறுபடி ஆரம்பிக்கணும்."

"டாக்டரம்மா ஒத்துக்குமா? அது பெரிய டாக்டரு."

"மானேஜரா இருந்தாலும் நிக்கணும்னு இப்பத்தான சொன்னீங்க."

ஏசுபாதம் சிரித்துத் தொடையில் தட்டினார். மாமா பன்னைத் தின்னத் தொடங்கினார்.

டாக்டர் நாகரத்னா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "கையத் தூக்கறதுக்கும் மணி அடிக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். எங்களுக்கு இருக்கிறது என்றேன். பக்கத்தில் ஊசிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் பியூலா எங்கள் சுரங்கத்துப் பக்கம், மாரிகுப்பத்துப் பெண். அவர் நிமிராமல் சொன்னார். "இருக்குது மேடம். எங்க நைனா கொதிக்கிற சோத்துப் பானைய வெறுங்கையால எறக்கும். கை வெந்து கீதேன்னா, எதுன்னு கேக்கும்."

டாக்டர் சம்மதித்தார். இந்த முறை காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வயரையும் ஒட்டுவதாகச் சொன்னார். அது சூட்டை எண்ணாகக் காட்டும். ஆனால் ஒட்டிய ஒரு புள்ளியை மட்டும்தான். அரை விரற்கடை தள்ளிச் சூடு ஏறினால் அதற்குத் தெரியாது.

"நீங்களே திரையில இருங்க," என்றார். "எழுதிக் குடுத்துடுங்க, உறவுக்காரர்னு. நான் கையெழுத்து போடறேன்."

சரி என்றேன்.

நோயாளிகள் சிஸ்டரைக் கூப்பிடும் பொத்தான் ஒன்றை மாதிரிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமா அழுத்திப் பார்த்தார். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"இது மணியா? எலி மாட்ன மாதிரி கீது."

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது மேசைமேல் ஒரு சைக்கிள் மணி இருந்தது. துரு போகத் தேய்த்து, உள்ளே எண்ணெய் விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரத்தடியில் ஷில்பாவின் சைக்கிள் நிற்கும். கல்லூரிக்கு அதில்தான் போவாள். நான் போய்ப் பார்த்தேன். ஹாண்டில்பாரில் மணி இருந்த இடம் மட்டும் வட்டமாகப் பளபளவென்று இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. உள்ளே வந்து கை கால் கழுவினேன்.

மாமா மணியை ஒரு தடவை அடித்துக் காட்டினார். அத்தை உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைக்காமல் திரும்பிப் போனார்.

இரண்டாவது சிகிச்சை ஒரு வியாழக்கிழமை. முந்தின நாளே துகள்களை ஏற்றியிருந்தார்கள். காலை ஸ்கேனில் கட்டிக்குள் துகள்கள் நன்றாகச் சேர்ந்திருந்தன. தழும்பின் ஓரத்திலும் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அதை டாக்டரிடம் காட்டினேன். தலையசைத்தார்.

மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தலை அசையாமல் இரண்டு பக்கமும் மெத்தை. கண்ணுக்கு லேசர்க் கண்ணாடி. எங்கள் எல்லோருக்கும் கண்ணாடி. சைக்கிள் மணியை பியூலா படுக்கையின் கம்பியில் பிளாஸ்டர் போட்டு இறுக்கினார்.

"சரியா இருக்கா பெரிப்பா?"

மாமா கட்டை விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் இந்தாண்ட."

பியூலா நகர்த்தினார்.

டாக்டர் குனிந்து அவர் முகத்துக்கு நேரே வந்தார். "ஒண்ணு அடிச்சா நான் நிறுத்துவேன். ஏன்னு கேக்க மாட்டேன். ரெண்டு அடிச்சா தொடங்குவேன். சரியா?"

"நீங்க மறக்கக் கூடாது," என்றார் மாமா.

"மறக்க மாட்டேன்."

பெடல் அழுந்தியது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. மருத்துவமனை ஏசியின் சத்தம் மட்டும். திரையில் தாடை முனை நீலத்திலிருந்து பச்சைக்குப் போனது.

"முப்பத்தொன்பது," என்றேன். "நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு."

கட்டியின் நடுவில் மஞ்சள் பூத்தது. காது மடல் திரையில் ஒரு கறுத்த நிழல். அதன் பின்னால் என்ன என்று எனக்குத் தெரியாது. வயர் முப்பத்தெட்டு என்றது.

"நாற்பத்தேழு. வயர் நாற்பது."

மாமாவின் கட்டை விரல் மணிமேல் இருந்தது. அசையவில்லை.

"நாற்பத்தொன்பது. வயர் நாற்பத்திரண்டு."

மணி அசையவில்லை. நான் திரையிலிருந்து கண்ணை எடுத்து, போர்வைக்கு வெளியே நீண்டிருந்த காலைப் பார்த்தேன். அதுவரை நேராக இருந்த கட்டை விரல் மெதுவாக வளைந்தது. அடுத்த விரலைத் தேடியது. ஏறியது.

வயர் நாற்பத்து மூன்று. அளவுக்குள்தான். ஆனால் வயர் ஒட்டிய இடம் ஒன்று, கால் சொல்லும் இடம் வேறு. டாக்டர் என் எண்ணுக்காகக் காத்திருந்தார். ஏழு மாதம் ஷில்பாவின் வாய் சொன்னதை மட்டும்தான் கேட்டேன், காலைப் பார்க்கவில்லை என்று அப்போது தோன்றியது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. சிறிய அறை. சத்தம் சுவரில் மோதித் திரும்பியது.

டாக்டரின் கால் பெடலிலிருந்து எழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பியூலா காதுக்குப் பின்னால் குளிர்ந்த துணியை வைத்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். சிவந்திருந்தது. வயருக்கு ஒரு விரல் தள்ளி. கொப்புளம் இல்லை.

திரையில் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. நாங்கள் காத்திருந்தோம். நான்கு நிமிடம். மாமா கண்ணாடிக்குள் கண்ணை மூடியிருந்தார். பிறகு கட்டை விரல் தானாக நகர்ந்தது.

இரண்டு தடவை.

"தொடங்கறேன்," என்றார் டாக்டர்.

அன்று ஐந்து தடவை மாமா நிறுத்தினார். ஐந்து தடவையும் அவரே தொடங்கினார். மூன்றாவதற்குப் பிறகு டாக்டர் என் எண்ணைவிட மணியைத்தான் கவனித்தார். இருபது நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது. கட்டியின் நடுவில் ஐம்பது டிகிரி மொத்தமாகப் பன்னிரண்டு நிமிடம் நின்றது. அவ்வளவு வேண்டியிருந்தது.

மூன்று மணி நேரம் கழித்துத் துணியை எடுத்துப் பார்த்தார்கள். தோல் சிவப்பு. வேறொன்றும் இல்லை. டாக்டர் நாகரத்னா அட்டையில் எழுதினார். முதல் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. இது என்ன ஆகும் என்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அதன்பிறகு எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மாமா ஆய்வில் இருக்கிறார்.

"மணிய இங்கயே வெச்சிட்டுப் போங்க பெரிப்பா," என்றார் பியூலா. "பன்னெண்டாவது ஆளும் மைன்ஸ்காரருதான், நம்ம உரிகாம்."

மாமா யோசித்தார். "அது என் பொண்ணோடது," என்றார். பிறகு, "சரி, இருக்கட்டும். பத்திரம்."

மதிய வண்டியில் ஏறினோம். கூட்டம் இல்லை. இருவருக்கும் எதிரெதிர் ஜன்னல். பெட்டி கொதித்தது. மேலே கூண்டுக்குள் ஃபேன் நின்றுகொண்டிருந்தது. நான் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன்.

"சூடாத்தான் இருந்துச்சி மாப்ள," என்றார் மாமா.

கண்ணைத் திறந்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத தபாவும் இருந்துச்சி. அது இத விட."

"தெரியும் மாமா."

"ஷில்பா சின்னப் புள்ளையில கீழ வுழுந்துகினு வரும். முட்டி பேந்து ரத்தம் வரும். அழாம நின்னா நான் அஞ்சு ரூபா குடுப்பேன். சாம்பியன் ரீப்ஸ் பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

மாலூர் போனது. டேக்கல் போனது. யூகலிப்டஸ் மரங்கள், செங்கல் சூளைகள். ஒருவர் கடலை விற்றுக்கொண்டு கன்னடத்தில் கூவிப் போனார்.

"உனுக்கு எப்டி கீது?" என்றார் மாமா.

"எனக்கு இன்னா மாமா. ஒண்ணுமில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பங்காரப்பேட்டையில் இன்ஜின் மாற்ற வண்டி நின்றது. காற்று சுத்தமாக நின்றுபோனது. சட்டை முதுகில் ஒட்டியது.

"இன்னா மாப்ள," என்றார் மெதுவாக. "ஃபேன் போடட்டா?"

கேலி இல்லை. அவர் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தெரிந்த ஒரே வார்த்தையில் சொன்ன மாதிரி இருந்தது.

"போடுங்க மாமா," என்றேன். "ரொம்ப சூடா கீது."

அவர் தலையசைத்தார். எழுந்து சுவிட்சைத் தட்டினார். ஃபேன் அசையவில்லை. கையை நீட்டினார். என் சட்டைப் பையிலிருந்து பேனாவைக் கொடுத்தேன். காதில் துணியுடன், சீட்டின் விளிம்பில் ஏறி நின்று, கூண்டின் கம்பிக்குள் பேனாவை விட்டு றெக்கையைத் தள்ளினார். நான் எழுந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஷில்பா போய் ஒரு வருடம் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கண்ணில் வந்ததைத் துடைக்க எனக்குக் கை இல்லை.

மூன்றாவது தடவை தள்ளியதில் ஃபேன் முனகியது. பிறகு சுற்றத் தொடங்கியது.